பழுது என்று எழுதிய ஒரே மிஷின்

மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று தெரிந்தால் ஓர் ஊரில் முதலில் நடப்பது வெள்ளையடிப்பு. முப்பது வருஷம் இந்த வேலையில் இருந்தவன் சொல்கிறேன். போன இடமெல்லாம் எனக்குச் சுண்ணாம்பு வாசனைதான். ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போவேன், சுவர் எப்படிக் காய்கிறது என்று பார்த்துவிட்டு வருவேன். ஒரு விதை ஆய்வுக்கூடத்தில் ஈரம் காயாத பெஞ்சில் உட்கார்ந்து, பின்பக்கம் முழுக்கப் பச்சைப் பெயிண்டோடு, பசுமைப் புரட்சி பற்றி அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். கைதட்டல் பலமாக இருந்தது. காரணம் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

உங்கள் தலைவர் என்னைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு முறையியல் பற்றி ஒரு மணி நேரம் சொல்லுங்கள் என்றார். முறையியல் புத்தகத்தில் இருக்கிறது. எடுத்துப் படித்தால் நன்றாகத் தூக்கம் வரும். எனக்குக் கொடுத்த ஒரு மணி நேரத்தில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பொன்னாடையைப் போட்டு வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்திருந்தால், அதை முதலிலேயே போட்டிருக்க வேண்டும்.

கடலுக்கு அப்பால் ஒரு குளிர் நாடு. ஏழை நாடுகளில் நடக்கும் பயன்பாட்டு அறிவியல் ஆராய்ச்சிக்கென்று அந்த நாட்டு அரசாங்கம் ஒரு நிதி வைத்திருந்தது. ஆராய்ச்சி காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது, அடுப்படி வரைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. கொள்கையில் நான் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று அந்த நிதியை வாங்கி, சாமைக்கு உமி நீக்குகிற கை மிஷின் ஒன்றைச் செய்தது.

சாமை தெரியுமல்லவா? இப்போது பாக்கெட்டில் போட்டு, சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு விற்கிறார்களே, அதுதான். கல்வராயன் மலையில் அன்றைக்கு அதுதான் சோறு. மணி கடுகுக்கு அண்ணன் அளவு இருக்கும், உமி லேசில் விடாது. பெண்கள் உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, ஒரு வேளைச் சோற்றுக்கு அரை நாள் போய்விடும். மிஷினில் இரண்டு ரப்பர் உருளை, ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். மேலே சாமையைக் கொட்டிச் சுற்றினால் கீழே அரிசி. ஊருக்கு ஒன்று வீதம் பன்னிரண்டு மலை ஊர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். நாலு வருஷம் ஆகியிருந்தது. திட்டம் தேறியதா, அடுத்த கட்டத்துக்கு நிதி தரலாமா என்று பார்த்துச் சொல்ல ஒரு குழு போட்டார்கள். குழு என்றால் இரண்டே பேர். கொடுக்கிற நாட்டுக்கு ஒருவர், வாங்குகிற நாட்டுக்கு ஒருவர்.

வாங்குகிற நாட்டுக்காரன் நான். நாற்பதைத் தொடாத வயது, பதவி உயர்வுப் பட்டியலில் பெயர், கையில் புது பிரீஃப்கேஸ். அவர் ஓய்வு பெற்ற பொறியாளர், ஆறரை அடி உயரம், இடது முழங்காலில் வலி. அவர் பெயர் என் வாயில் கடைசிவரை நுழையவில்லை. மலையில் எல்லோரும் வெள்ளைக்காரர் என்றுதான் சொன்னார்கள், நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் கையில் ஒரு படிவம் வைத்திருந்தார். நாற்பது பக்கம், பக்கத்துக்குப் பத்துக் கட்டம். குளிக்கப் போனாலும் அது அவர் கூடவே போகும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து ஜீப்பில் கிளம்பினோம். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று ஊரெல்லாம் பேச்சு. நிலையத்தின் இயக்குநர், “அது நாளையிலிருந்துதான். இன்றைக்கு மூன்று ஊரைப் பார்த்துவிட்டு சாயங்காலமே இறங்கிவிடலாம்” என்றார். அவர் எதையும் முன்கூட்டியே முடித்துவிடுகிற ஆள். ‘திட்டம் வெற்றி’ என்ற பேனரைத் தைத்து ஜீப்பிலேயே வைத்திருந்தார்.

மூன்று ஊரிலும் செயல்விளக்கம் நடந்தது. மாலை, இளநீர், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வரவேற்புப் பாட்டு. மிஷினின் நெற்றியில், அதற்கு நெற்றி எங்கே என்று கேட்காதீர்கள், மஞ்சள் குங்குமம். நிலையத்து ஆள் ஒருவர் பையிலிருந்து சாமையை எடுத்துக் கொட்டினார், இன்னொருவர் சுற்றினார், கீழே முத்து மாதிரி அரிசி விழுந்தது. வெள்ளைக்காரர் அரிசியைக் கையில் அள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தார். நானும் அள்ளிப் பார்த்தேன். ஐந்துக்கு நாலு மதிப்பெண் போட்டோம். கீழே விழுந்ததை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த நாங்கள் இரண்டு பேரும், மேலே கொட்டியது என்ன என்று எட்டிப் பார்க்கவில்லை. படித்த முட்டாள்தனம் என்றால் அதுதான். ஏற்கெனவே உரலில் குத்தி, உமி போக்கி வைத்திருந்த அரிசியில் ஒரு பிடி சாமையைக் கலந்து கொட்டியிருக்கிறார்கள். அரிசி போட்டு அரிசி எடுத்தார்கள், நாங்கள் மதிப்பெண் போட்டோம்.

இறங்கும்போது அடிவாரத்து வடக்கனந்தலைத் தாண்டுவதற்குள் ரோட்டில் புளியமரம் கிடந்தது. ஒன்றல்ல, கண்ணுக்கு எட்டியவரை வரிசையாக. மறியல் ஒரு நாள் முன்னதாகவே தொடங்கிவிட்டது. மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த இளைஞர் ஒருவர் இறங்கி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

“எங்க சார் போறீங்க?”

“கள்ளக்குறிச்சி.”

“ஒரு வாரத்துக்கு எந்த வண்டியும் போவாதுங்க. கோச்சிக்காதீங்க. வந்த வழியா திரும்பிடுங்க.”

நான் பிரீஃப்கேஸைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, “வெளிநாட்டு நிதித் திட்டத்தை மதிப்பீடு பண்ண வந்திருக்கோம்” என்றேன்.

“அப்படின்னா இன்னா சார்?”

“செலவு பண்ணதுக்குப் பலன் இருக்குதான்னு பாக்கறது.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அதுக்குன்னு தனியா ஒரு வேல இருக்குதா? எங்க தெருவுல பி.எஸ்ஸி. முடிச்சவன் நாலு பேரு கரும்பு வெட்டிக்கினு கெடக்கறான். இப்பிடி ஒரு வேல இருக்குதுன்னு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லலியே. அதுக்குத்தான் சார் மரத்து மேல குந்திக்கினு இருக்கறோம்.”

வெள்ளைக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் மிகவும் ஆர்வமாகி, படிவத்தில் ‘உள்ளூர் மக்கள் கருத்து’ என்ற கட்டத்தில் அதை அப்படியே எழுதிக்கொண்டார். மதிப்பீட்டின் மேல் நடந்த மதிப்பீடு அது ஒன்றுதான். நான் இதைச் சிரிப்பாகச் சொல்கிறேன், அந்த வாரம் கீழே நடந்தது சிரிப்பில்லை. உயிர்கள் போயின. மலைமேல் எங்களுக்கு அது தாமதமாகத்தான் தெரிந்தது.

இயக்குநருக்குக் கள்ளக்குறிச்சியில் அவசர வேலை இருந்தது. சைக்கிளில் போன ஒருவரைக் கெஞ்சி, கேரியரில் பக்கவாட்டில் உட்கார்ந்து, பேனரை மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார், நிலையத்து ஆட்கள் பின்னாலேயே நடந்தார்கள். வெள்ளைக்காரரின் முழங்காலுக்கு நடையும் ஆகாது, கேரியரும் ஆகாது. ஜீப்பைத் திருப்பி மறுபடி மலை ஏறினோம். கடைசியாகப் பார்த்த ஊரிலேயே, உண்டு உறைவிடப் பள்ளியின் ஒரு வகுப்பறையில் எங்களுக்குப் பாய் விரித்தார்கள். எங்களோடு மலையிலேயே தங்கியவள் மல்லிகா.

மல்லிகா திட்டத்தின் களப்பணியாளர். ஊர் வடக்கனந்தல், கூலி வேலை செய்கிற குடும்பம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, நாலு வருஷமாகத் தற்காலிகப் பணியில் இந்தப் பன்னிரண்டு ஊரையும் கால்நடையாகவே சுற்றிவந்த பெண். முப்பது வயதிருக்கும். அன்றைய செயல்விளக்கத்தின்போது ஓரமாக நின்றவள், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை, படிவத்தில் களப்பணியாளரைக் கேட்கும் கட்டமே கிடையாது.

மறுநாள் காலையில்தான் குட்டு வெளிப்பட்டது. கீழேயிருந்து அரிசி மூட்டை வரவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் ஊர் ஜனங்கள்தான் சோறு போட வேண்டும், சோறென்றால் சாமை. பச்சையம்மா என்ற பெண் கூடை நிறையச் சாமையோடு மிஷினண்டை வந்தாள். கடுக்காய் பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து, வலது தோள் சரியாக ஒட்டாமல் போனவள். கை காதுக்கு மேலே எழும்பாது, உலக்கையைத் தூக்கவே முடியாது. ஆனால் கைப்பிடியைச் சுற்ற அந்தக் கை போதும். ஊரில் எல்லா வீட்டுச் சாமைக்கும் அவள்தான் உமி நீக்கிக் கொடுப்பாள், ஆளுக்கு ஒரு பிடி அவளுக்குப் போட்டுவிட்டுப் போவார்கள். புருஷன் இல்லாத வீட்டில் நாலு வயிறும் அந்தப் பிடியில்தான் நிரம்பியது.

அவள் கொட்டிச் சுற்றினாள். கீழே பாதி நொய், பாதி உமியோடு முழுச் சாமை. வெள்ளைக்காரர் குனிந்து பார்த்து, நேற்று நன்றாக விழுந்ததே என்றார். நான் மிஷின் சூடாகியிருக்கும் என்றேன். கையால் சுற்றுகிற மிஷின் எப்படிச் சூடாகும் என்று அவர் கேட்கவில்லை. நாகரிகமானவர்.

பச்சையம்மா சுற்றுவதை நிறுத்திவிட்டு மல்லிகாவைப் பார்த்தாள். “இன்னாடி, புள்ளைங்க பசியோட குந்திக்கினு கீது. நொய்யையும் உமியையும் ஆக்கிப் போடச் சொல்றியா?”

மல்லிகா என்னைப் பார்த்தாள், வெள்ளைக்காரரைப் பார்த்தாள். அப்புறம் நேராக உள்ளே போய்ச் சாக்கிலிருந்து வேறு இரண்டு உருளைகளை எடுத்துவந்தாள். ஸ்பேனரை எடுத்து, எங்கள் கண் முன்னாலேயே பழையதைக் கழற்றி இதை மாட்டினாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பச்சையம்மா சுற்றினாள். இந்தத் தடவை நான் மேலேயும் எட்டிப் பார்த்தேன். உள்ளே போனது உமியோடு இருந்த சாமை, வெளியே வந்தது அரிசி.

விஷயம் இதுதான். நிலையம் செய்த உருளை நெல்லுக்கானது. ரப்பர் கெட்டி, சாமையை ஒன்று நொறுக்கும், இல்லை விட்டுவிடும். முதல் மாசத்திலேயே பன்னிரண்டு ஊரிலும் மிஷினை மூடி வைத்துவிட்டு உரலுக்குத் திரும்பிவிட்டார்கள். மல்லிகா நிலையத்துக்கு ஏழு கடிதம் எழுதினாள். பதில் ஒன்று வந்தது, ‘பயனாளிகளுக்குப் பயிற்சி போதவில்லை’ என்று. அதற்கப்புறம் இந்த ஊர் மிஷினின் உருளைகளைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிச் சின்னசேலம் போனாள். ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு வல்கனைசிங் கடை. அங்கே லாரி ட்யூப் ரப்பரை உருளைமேல் சுற்றி ஒட்டவைத்து, நடுவில் இடைவெளிக்குத் தகரத் துண்டு வெட்டி வைத்து, நாலைந்து தடவை போய்வந்து சரிசெய்திருக்கிறாள். மூன்று வருஷமாக ஓடுகிறது.

“மத்த ஊருக்கும் செஞ்சிருக்கலாமே?” என்று கேட்டேன்.

“செய்யலாம்னுதான் சார் எழுதிக் கேட்டேன். அனுமதியில்லாம வடிவமைப்ப மாத்தினதுக்கு மெமோ குடுத்தாங்க. நீங்க வரப்போறீங்கன்னதும் புது ஒரிஜினல் உருளைய அனுப்பி, மாட்டி வை, இல்லன்னா வேலைய வுட்டு நின்னுடுன்னாங்க. மாட்டிட்டேன்.”

கவனிக்கிறீர்களா? மதிப்பீட்டுக்காகச் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், பார்த்திருக்கிறேன். ஓடுகிற மிஷினை, மதிப்பீட்டுக்காக ஓடாத மிஷினாக மாற்றிவைத்த ஒரே இடம் அதுதான். எங்களுக்குத் தேவை ‘நிலையத்தின் வடிவமைப்பு’. சாமை அரிசி யாருக்கு வேண்டும்?

வெள்ளைக்காரருக்கு முதலில் ஒரே சந்தோஷம். பொறியாளர் அல்லவா, உருளையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மல்லிகாவிடம் கைகுலுக்கினார். சாமைச் சோற்றை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவியதும் படிவத்தைத் திறந்தார். முகம் சுருங்கிவிட்டது. இருபத்தோராவது பக்கத்தில் கேள்வி, ‘தொழில்நுட்பம் வடிவமைக்கப்பட்டபடியே பயன்படுத்தப்படுகிறதா?’ கட்டம் இரண்டுதான், ஆம், இல்லை. இல்லை என்று போட்டால் அந்த மிஷின் தோல்விக் கணக்கில் சேரும். தோல்வியான கருவியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். அனுமதியில்லாமல் மாற்றிய கருவியில் யாருடைய விரலாவது மாட்டினால் அவர்கள் நாட்டில் பொறுப்புச் சொல்ல வேண்டுமாம்.

அன்றைக்கு மதியம் பள்ளிக்கூட வாசலில் மல்லிகா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், மிஷினு நல்லா கீதுன்னு எழுதினீங்கன்னா ஒரிஜினல் உருளையத்தான் மாட்டி வைக்கணும்னு ஆளு வுட்டுப் பாப்பாங்க. நல்லா இல்லன்னு எழுதினீங்கன்னா மிஷினயே தூக்கிக்கினு போயிடுவாங்க. நீங்க இன்னா எழுதினாலும் பச்சையம்மா உலக்கைய எடுக்கணும். அதால எடுக்க முடியாது. வூட்டுல மூணு புள்ளைங்க. யோசிச்சி எழுதுங்க சார்.”

எனக்கு வந்த முதல் உணர்ச்சி கோபம். இவள் யார் எனக்குச் சொல்ல என்று. இரண்டாவதாக வந்தது வெட்கம். அதை ஒத்துக்கொள்ள இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இனி நாலு நாள் வேறு வேலை இல்லை. மல்லிகாவோடு ஒற்றையடிப் பாதையில் நடந்து மற்ற ஊர்களையும் போய்ப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒரே காட்சி. மிஷின் பாலித்தீன் உறைக்குள் பளபளவென்று இருந்தது. பக்கத்து வீட்டில் தொம் தொம்மென்று உலக்கைச் சத்தம் கேட்டது. ஓர் ஊரில் மிஷின்மேல் சாமி படம் வைத்து விளக்கேற்றியிருந்தார்கள். “தொட்டா தேஞ்சிடும்னு ஆபீசருங்க சொன்னாங்க, தொடறதில்லீங்க” என்றார் அந்த வீட்டுக்காரர். படிவத்தின் முப்பதாவது பக்கத்தில் ‘கருவியின் நிலை’ என்ற கட்டம் உண்டு. மிக நன்று என்று போட்டேன். பொய்யில்லை. புதுக் கல்யாணப் பாத்திரம் மாதிரி இருந்தது.

திரும்பி வந்து வெள்ளைக்காரரிடம் நேராகவே கேட்டேன். பன்னிரண்டில் ஓடுவது ஒன்று, அதை ஓடவைத்தது ஒரு களப்பணியாளர், மற்றதெல்லாம் பொம்மை, இதை இப்படியே எழுதினால் என்ன? அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். எழுதலாம் என்றார். எழுதினால் திட்டம் மூடப்படும். மிஷின்கள் திரும்பப் போகும். இயக்குநர் மறுப்பு எழுதுவார். விசாரணை வைப்பார்கள், மூன்று வருஷம் நடக்கும், கடைசியில் மல்லிகா செய்தது சரி என்று ஒருவேளை தீர்ப்பு வரும். “அதுவரை அந்த அம்மா என்ன சாப்பிடுவாள்?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் பச்சையம்மாவின் நினைவோடு இன்னொரு நினைவும் வந்தது. மறுப்பு, விசாரணை, மூன்று வருஷம் என்றதும் என் பதவி உயர்வுப் பட்டியல் கண்முன் வந்து நின்றது. எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அரசாங்க அலுவலகத்தில் உடைந்த நாற்காலியைக் கணக்கை விட்டுத் தள்ளுவதற்குக் கண்டம் பண்ணுவது என்று பெயர். கண்டம் ஆன பொருளை யாரும் தேடி வர மாட்டார்கள், அது செத்த கணக்கு. “இந்த ஊர் மிஷின் பழுது, சரிசெய்ய இயலாதது, மலையிலிருந்து இறக்கும் செலவுக்கு அது பெறாது, கிடக்கும் இடத்திலேயே விட்டுவிடலாம்” என்று எழுதிவிடுவோம் என்றேன். வெள்ளைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இது நேர்மையா என்று கேட்டார். வடிவமைத்தபடி அது ஓடவில்லை அல்லவா, அந்த அர்த்தத்தில் பழுதுதானே என்றேன். இந்த மாதிரி நேரத்தில் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும். அவர் கையெழுத்துப் போட்டார். மற்ற பதினொன்றும் ‘மிக நன்று’.

மல்லிகாவிடம் சொன்னேன். அவள் புரிந்துகொண்டு சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீரோடு. பச்சையம்மாவுக்கு விளக்கிச் சொல்லத்தான் நேரம் பிடித்தது.

“ஓடற மிஷின ஒடஞ்சிதுன்னு எழுதிட்டீங்களா?”

“ஆமாம்மா. இனிமே யாரும் எடுத்துக்கினு போக மாட்டாங்க.”

“நல்லா இருப்பீங்க சாமி.” கைப்பிடியை ஒரு தரம் தடவினாள். பிறகு, “மத்த ஊரு மிஷினு?” என்றாள்.

“அது நல்லா இருக்குதுன்னு எழுதியிருக்கோம்.”

“அப்ப அவங்க குத்திக்கினேதான் கெடக்கணுமா? எம் பெரிய மொவள அந்தாண்ட மல ஊர்லதான் கட்டிக் குடுத்திருக்கறேன். மாசமா வேற கீறா.”

மல்லிகா பார்த்துக்குவா என்று சொல்லிவைத்தேன். மறியல் முடிந்து, மரங்களை ஓரம் தள்ளி ரோடு விட்டதும் இறங்கிவிட்டோம்.

அறிக்கை எல்லோருக்கும் பிடித்துப்போனது. பன்னிரண்டில் பதினொன்று மிக நன்று என்றால் சும்மாவா. இயக்குநர் பேனரை எடுத்துக் கட்டினார். வெளிநாட்டுக் கருத்தரங்கில் ஒரிஜினல் உருளை பற்றிக் கட்டுரை வாசித்தார். எனக்குப் பதவி உயர்வு வந்தது. முதல் கட்டம் வெற்றிகரமாக முடிந்துவிட்டதால் மல்லிகாவின் தற்காலிகப் பணியும் முடிந்தது.

இரண்டு மாசம் கழித்து அவளிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். திட்டத்தின் அடுத்த கட்டத்தை வேறொரு மலையில் தொடங்கப்போகிறார்கள், இங்குள்ள மிஷின் எல்லாம் தேயாமல் நல்ல நிலையில் இருப்பதால் அங்கே கொண்டுபோக லாரி வரப்போகிறது என்று எழுதியிருந்தாள். சின்னசேலம் கடைக்காரர் மீதி உருளைகளுக்கும் ரப்பர் சுற்றித் தரத் தயாராக இருக்கிறார். அதனால் ஒரே ஒரு உதவி வேண்டும். ‘இந்தப் பதினோரு மிஷினும் பழுதென்று ஒரு காகிதம் எழுதித் தாருங்கள் சார். நீங்கள் எழுதினால் விட்டுவிடுவார்கள். முன்பு ஒன்றுக்கு எழுதினீர்களே, அதே மாதிரி.’

எழுதுவதற்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஆனால் அந்தப் பதினொன்றும் மிக நன்று என்று என் கையெழுத்தே இருக்கிறது. இரண்டே மாசத்தில் பதினொன்றும் பழுது என்று எழுதினால், அப்போது நீ எதைப் பார்த்தாய் என்று கேட்பார்கள். அறிக்கை விழும், அதன்மேல் வந்த பதவியும் விழும். ஒன்றைக் காப்பாற்றச் சொன்ன பொய்க்குத் துணையாகப் பதினொரு பொய் சொல்லியிருந்தேன் என்பது அந்தக் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு உண்மையை அன்றைக்கே எழுதியிருந்தால் பன்னிரண்டுக்கும் சண்டை போட ஒரு வழியாவது இருந்திருக்கும். தோற்றிருக்கலாம், தோற்றிருந்தாலும் உருளையின் விஷயம் நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். நான் எழுதிய அறிக்கையில் மல்லிகாவின் பெயர் ஓர் இடத்திலும் இல்லை, லாரி ட்யூபும் இல்லை. புது மலைக்கும் அதே கெட்டி உருளையைத்தான் கொண்டுபோனார்கள்.

கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்தேன். ‘பார்க்கலாம்’ என்று ஒரு கார்டு போட்டேன். எழுதித் தரவில்லை.

லாரி போய் மிஷின்களை ஏற்றிக்கொண்டு வந்தது. நல்ல நிலையில் உள்ள பதினோரு கருவிகள் பெறப்பட்டன என்று ரசீது என் மேஜைக்கே வந்தது, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அடுத்த வருஷம் வேறு வேலையாகக் கள்ளக்குறிச்சி போனபோது பஸ் நிலையத்தில் மல்லிகாவைப் பார்த்தேன். சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கோபமாகப் பேசுவாள் என்று நினைத்தேன், டீ சாப்பிடுறீங்களா சார் என்று கேட்டாள். பச்சையம்மா மிஷின் எப்படி இருக்குது என்று கேட்டேன். ஜோரா ஓடுதுங்க, ரப்பர் ஒரு தரம் மாத்திக் குடுத்தேன் என்றாள். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றாள். குழந்தையை இடுப்பில் துணியால் கட்டிக்கொண்டு, சாமை மூட்டையைத் தலையில் வைத்து, வாரத்துக்கு ஒரு தரம் இரண்டு மலை ஏறி இறங்கி ஆத்தா வீட்டுக்கு வந்து உமி நீக்கிக்கொண்டு போகிறாளாம். போக ஒரு பொழுது, வர ஒரு பொழுது. அவள் ஊர்ப் பெண்கள் சிலரும் மூட்டையோடு கூடவே வருகிறார்களாம்.